ஒரே டப்பாவின் பச்சரிசி

நடுவர் இல்லாத இடத்தில் பேசுவது எனக்குப் புதிது. மேடையில் என் முன்னால் மணி இருக்கும், எதிரணி இருக்கும். எந்தச் சொல்லுக்குக் கைதட்டல் விழும் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். இங்கே அவற்றில் எதுவும் இல்லை. மருத்துவமனையில் கழிந்த என் நாட்களைப் பற்றி எழுதச் சொன்ன தோழிகள், ஃபெரிட்டின் என்றால் என்ன என்பதை மற்ற பெண்களுக்குப் புரியும்படி சொன்னாலே போதும் என்றார்கள். அதைச் சொல்வேன். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், பாதி உண்மையை மறைத்து வெற்றி பெறும் என் கலையையே இங்கும் காட்டியவள் ஆவேன்.

சாரம் என்ற ஊரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். அப்பா உழவர்கரையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். நான் ஒரே மகள், சட்டக் கல்லூரி மாணவி. பள்ளி நாட்களிலிருந்தே மேடையேறி வருகிறேன். எங்கள் வீட்டின் முன்னறையில் கோப்பைகளுக்காக அப்பா தனியாக ஒரு அலமாரி அடித்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாசலுக்கு நேரே.

பேச்சுப் பயிற்சியில் எங்களுக்கு ஊட்டப்பட்ட பாடம் ஒன்று உண்டு: எதிரணி தொடாத இடத்தை நீயாகத் தொட்டுக்காட்டாதே, அவர்கள் தொட்டுவிட்டால் அவையைச் சிரிக்கவைத்துக் கடந்து போ. சிரித்த அவை கேள்வியை மறந்துவிடும். இதை நான் நன்றாகக் கற்றேன். மற்றொன்றை யாரும் கற்பிக்காமலே கற்றேன்: பட்டிமன்றத்தில் சொந்த வீட்டைக் கிண்டல் செய்தால் கைதட்டல் உறுதி. என்னுடைய புகழ்பெற்ற நகைச்சுவை எங்கள் மாடிப்படியைப் பற்றியது. "நடுவர் அவர்களே, எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. எங்கள் அம்மா அங்கே இறங்கி, இளைப்பாறி, பக்கத்து வீட்டுச் செய்திகளைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வண்டியைப் பிடித்துத்தான் மேலே வருவார்." அரங்கு குலுங்கும். மூன்றாம் வரிசையில் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். பக்கத்தில் இருப்பவரிடம், அது தான்தான் என்று பெருமையோடு சொல்வார்.

இனி என் நோய். அது ஒரு நாளில் வரவில்லை. தலைவாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. கல்லூரிப் படியேறினால் நெஞ்சு படபடத்தது. மேடையில் நீண்ட வாக்கியங்களை ஒரே மூச்சில் முடிக்க இயலவில்லை. ஆகவே வாக்கியங்களைச் சுருக்கினேன். என் நடை முதிர்ந்துவிட்டது என்று ஒரு நடுவர் பாராட்டினார். அந்தப் பாராட்டை நானும் நம்பினேன்.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. பச்சரிசி. சமையலறையில் அடிமட்டப் பலகையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பச்சரிசி இருக்கும். அதைக் கண்டால் எனக்கு நாவூறும். பசியினால் அல்ல, பசி வேறு, இது வேறு. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, அது நொறுங்கி மாவாகிக் கரையும்வரை உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்றிருக்கும். கைக்குட்டையில் முடிந்து கல்லூரிக்கும் எடுத்துச் சென்றேன். மேடையேறும் முன் ஒப்பனை அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மென்றேன். ஊரே வாயைப் புகழும் பெண், அந்த வாயால் எலியைப் போல அரிசி கொறிக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால் உயிரோடு இருக்க முடியாது என்று நினைத்தேன். மிகையாகத் தோன்றலாம். அன்று எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

தொண்டை வீங்கிக் கடுங்காய்ச்சல் வந்தபோதுதான் மருத்துவமனைக்குப் போனோம். தொண்டைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. மாநிலங்களுக்கிடையிலான போட்டிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. புறநோயாளிகள் பிரிவில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்ததும், மருத்துவர் என் தொண்டையைப் பார்ப்பதற்கு முன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் காகிதம்போல வெளுத்திருந்ததாம். அன்றே இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. உடனே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள்.

பெண்கள் வார்டில் என் பக்கத்துக் கட்டில் தனத்தம்மாளுடையது. வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவர். சர்க்கரையால் காலில் புண். நான் வந்த சிறிது நேரத்திலேயே என் குலம் கோத்திரம் முழுவதையும் விசாரித்து முடித்துவிட்டார். சட்டம் படிக்கிறேன் என்றதும் எனக்கு வக்கீல் என்று பெயரும் வைத்துவிட்டார்.

என் நோய் வரலாற்றைக் கேட்டு எழுத வந்தவர் பாஸ்கர் என்ற பயிற்சி மருத்துவர். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்திருப்பார். கூச்ச சுபாவம், கேள்விகளைக் கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மாதவிலக்கில் போக்கு அதிகமா என்றார். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். வழக்கம்போலத்தான் என்றேன். அது பொய்யல்ல, அந்த அளவுதான் எனக்கு வழக்கம். மாதந்தோறும் பாயும் பாவாடையும் நனைவதுதான் எல்லாப் பெண்களுக்கும் உள்ளது என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். எதிரணி கேட்டதற்கு மேல் சொல்லாதே என்ற பாடம் என் நாவைப் பிடித்துக்கொண்டது.

பிறகு அவர் அந்தக் கேள்விக்கு வந்தார்.

"மண்ணு, சாக்பீஸு, பச்சரிசி, ஐஸு... இந்த மாதிரி எதையாச்சும் திங்கணும்னு தோணுமா? வெக்கப்படாம சொல்லுங்க."

என் காது சூடாயிற்று. வார்டே எங்களைப் பார்ப்பதாகத் தோன்றியது. அடுத்த கணம் பயிற்சி வென்றது.

"நான் மேடையில ஆளுங்களத்தான் மெல்லுவேன் டாக்டர். அரிசிய மெல்றதுக்கு எனக்கு ஏது நேரம்?"

நான்கு கட்டில்களில் சிரிப்பு எழுந்தது. "டாக்டரே, வக்கீலுகிட்ட வாயக் குடுக்காத. ஊசியக் குடுத்துட்டு ஓடிப்போயிடு" என்றார் தனத்தம்மாள். செவிலியர்கூடச் சிரித்தார். பாஸ்கர் முகம் சிவக்கக் குனிந்து எதையோ எழுதினார். பிறகு அம்மாவிடம் திரும்பி, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா என் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "இல்லைங்க" என்றார்.

வென்றுவிட்டேன் என்று மகிழ்ந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது; ஆனால் மகிழ்ந்தது உண்மை.

இப்போது ஃபெரிட்டினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு விளங்கிய வகையில் சொல்கிறேன். நம் இரத்தத்தின் சிவப்புக்கு இரும்பு வேண்டும். அன்றாடம் வேண்டிய இரும்பு, உலையில் கொதிக்கும் அரிசி போன்றது. அதுதான் ஹீமோகுளோபினில் இருப்பது. நாளைக்கென்று உடல் எடுத்து வைக்கும் இரும்பு, டப்பாவில் இருக்கும் அரிசி. அந்த டப்பாவாக வேலை செய்யும் புரதம்தான் ஃபெரிட்டின். வீட்டில் தட்டுப்பாடு வந்தால் முதலில் டப்பாதான் காலியாகும். உலை கொதித்துக்கொண்டே இருக்கும். டப்பா வழித்தெடுக்கப்பட்ட பிறகே உலையில் குறை தெரியும். அதனால்தான் ஹீமோகுளோபின் ஓரளவு சரியாக இருக்கும்போதே சிலருக்கு முடி கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, காரணமில்லாமல் களைக்கிறது. டப்பா மிதமிஞ்சி நிறைந்தாலும் தீங்குதான். இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படிந்து கெடுக்கும். ஆகவே சோதிக்காமல் சத்து மாத்திரை விழுங்குவதும் அறிவுடைமை ஆகாது.

இந்த அளவைக்கு ஒரு விசித்திரம் உண்டு. காய்ச்சல் வந்தால், கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக்கூடாதென்று உடல் இருப்பதையெல்லாம் அள்ளிப் பூட்டிவைக்கும். அப்போது ஃபெரிட்டினும் உயரும். ஏறக்குறையக் காலியான டப்பாகூடப் பாதி நிறைந்ததுபோலக் காட்டும். எனக்கு அப்படித்தான் காட்டியது. முடிவு வந்தபோது, அது இயல்பான எல்லைக்குள் இருந்தது.

பாஸ்கர் வந்து, காய்ச்சலின்போது இதை முழுதாக நம்ப முடியாது, தணிந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்றார். நான் விடவில்லை. இரும்புக் குறை இல்லை என்று உறுதியானால் என் இரகசியத்தை யாரும் கிண்ட மாட்டார்கள் அல்லவா?

"உங்களுக்கு வேண்டியதச் சொன்னா சாட்சி, வேண்டாததச் சொன்னா பொய்யா டாக்டர்?" என்றேன்.

அவர் சிரித்தார். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அன்றும் எனக்கே வெற்றி.

அந்த வெற்றியின் விலையை வீட்டார் கொடுத்தார்கள். இரும்புக் குறைக்கான காரணத்தை நோயாளியும் சொல்லவில்லை, அளவையும் சொல்லவில்லை; மற்ற முடிவுகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனவே தேடல் வேறு திசைகளில் போயிற்று. எங்காவது உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்க்கத் தொண்டை வழியாகக் குழாயை இறக்கினார்கள். எத்தனையோ அரங்குகளை ஆண்ட தொண்டை, எச்சில் வழிய ஓங்கரித்தது. ஒன்றும் தென்படவில்லை. காய்ச்சலோ விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. தலைமை மருத்துவர், எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இடுப்பெலும்பில் தடித்த ஊசியைச் செலுத்தி, இரத்தம் உருவாகும் இடத்திலிருந்தே சிறிது எடுப்பார்கள். இரும்பு இருப்பு எவ்வளவு என்பதும், வேறு பெரிய நோய் உண்டா என்பதும் அதில் தெரியும்.

வேறு பெரிய நோய் என்பதன் பொருள் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. அப்பா கடையைப் பூட்டிவிட்டார். கோட்டக்குப்பத்தில் ஒருவருக்கு இதே போலத்தான் தொடங்கியது என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல, பேச்சை முடிக்காமலே துண்டித்தார். ஒரு மாலை அம்மா களைத்துப்போய் நாற்காலியிலேயே உறங்கிவிட, அப்பா சீப்பை எடுத்து என் தலையை வார உட்கார்ந்தார். மோட்டார்க் கம்பியைச் சுற்றிப் பழகிய விரல்கள் சிக்கெடுக்கத் திணறின. உதிர்ந்த முடியை நான் பார்க்கக்கூடாதென்று சுருட்டிச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதிரே இருந்த சன்னல் கண்ணாடியில் அது எனக்குத் தெரிந்தது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொற்கள். ஆனால் சிரித்த வார்டின் முன் எப்படிப் பின்வாங்குவது? அரிசிக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அங்கும் நானே வென்றேன். மகளுக்கு இரத்தப் புற்றோ என்று தகப்பன் நடுங்கிக்கொண்டிருக்க, மகள் தன் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

மஜ்ஜை எடுக்கும் காலை வந்தது. அதற்கான அறையின் வாசலில் என்னைச் சக்கர நாற்காலியில் நிறுத்தியிருந்தார்கள். தலைமை மருத்துவர் விளக்கிக்கொண்டிருந்தார். பாஸ்கர் பக்கத்தில் நின்றார். சம்மதக் கையெழுத்துக்காக அப்பா பேனாவைத் திறந்தார். அம்மா சுவரோரமாக இருந்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம்கூட அதிகம் பேசாதவர். மருத்துவர்கள் முன் அதுவரை வாய் திறந்தது அந்த ஒரு 'இல்லைங்க'வுக்குத்தான்.

"டாக்டர்" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னார். "டாக்டர், அவ பச்சரிசி திங்கிறா."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார்.

"நானும்தான் திங்கிறேன். டப்பா ஒண்ணுதான்."

அப்பாவின் பேனா அப்படியே நின்றது. நான் ஆமென்று தலையை மட்டும் அசைத்தேன்.

பாஸ்கர் அம்மாவை வெளிச்சத்துக்கு அழைத்துக் கீழிமையை இழுத்துப் பார்த்தார். எத்தனை காலமாக என்று கேட்டார். "இவ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்துங்க" என்றார் அம்மா. நடந்தால் மூச்சு வாங்குமா என்ற கேள்விக்கு அம்மா பதில் சொல்லத் தயங்கி, என்னைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். "மாடிப்படில பாதில உக்காந்துடுவேன். இவ அதைக்கூட நல்லா தமாஷா சொல்லுவா."

அந்த வாசலில் நான் கேட்ட அந்த ஒரு வாக்கியத்துக்கு இணையாக எந்த எதிரணியும் என்னை வீழ்த்தியதில்லை. அம்மா அதை வீழ்த்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பெருமையாகச் சொன்னார்.

ஊசி தள்ளிவைக்கப்பட்டது. மாதவிலக்கைப் பற்றி இம்முறை பெண் மருத்துவர் ஒருவர் திரைக்குப் பின்னால் விரிவாகக் கேட்டார், விரிவாகச் சொன்னேன். காய்ச்சல் முற்றிலும் தணிந்த பிறகு ஃபெரிட்டினை மறுபடி பார்த்தார்கள். ஒற்றை இலக்கம்; டப்பா காலி. அம்மாவுக்கும் பார்த்தார்கள். அவருடையது என்னுடையதைவிடக் குறைவு. அம்மாவின் கருப்பையில் ஒரு கட்டி இருந்து, பல ஆண்டுகளாக மாதந்தோறும் இரத்தத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. உணவல்லாததையும் சமைக்காததையும் தின்னத் தூண்டும் இந்த ஏக்கத்துக்கு மருத்துவத்தில் பைக்கா என்று பெயராம். இரும்பு வற்றிய உடல்கள் பலவற்றில் இது வரும். ஒழுக்கத்தோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில்களில் இரும்பு மருந்து ஏற்றினார்கள். நரம்புக்குள் இறங்கும் அந்தத் திரவம் கடும்பழுப்பாக, துருப்பிடித்த தண்ணீர்போல இருந்தது. செய்தி அதற்குள் வார்டு முழுவதும் பரவியிருந்தது.

"ஆத்தாளும் மவளும் சேந்து மூட்டையவே முடிச்சிட்டீங்களாமே" என்றார் தனத்தம்மாள். "வக்கீலு, உன் கல்யாணத்துக்கு மழ இல்ல, புயலே வரும். நாங்க படகுலதான் வரணும்."

அப்பா வேறு வகையில் வருத்தப்பட்டார். "என்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல ரெண்டு பேரும். நான் என்னா, அரிசிக் கணக்கா கேட்டேன்?" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கி வரப் போனார். திரும்பி வரும்போது கண்கள் சிவந்திருந்தன.

அப்பா இல்லாத நேரத்தில் அம்மாவிடம் கேட்டேன், எப்போது தெரியும் என்று. டப்பா வேகமாகக் குறைவதைக் கண்டு முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாராம். பிறகு துவைக்கப் போட்ட என் கைக்குட்டையின் மடிப்பில் அரிசி மணிகள் உதிர்ந்தனவாம். அதன் பிறகு வாங்கிவரும் அரிசியைக் கல் பொறுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி டப்பாவில் போடத் தொடங்கியிருக்கிறார்.

"ஏம்மா என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ கூசிப்போவ. எனக்குத் தெரியாதா அது?" என்றார். "கல்லு கடிச்சுப் பல்லு போயிட்டா, அப்புறம் எப்படிப் பேசுவ?"

வீடு திரும்புவதற்கு முன் பாஸ்கரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியங்கள் தயாரித்திருந்தேன். அவரைக் கண்டதும் ஒன்றுதான் வந்தது. அன்று சொன்னது பொய் என்றேன். "சந்தேகம் இருந்துச்சுங்க" என்றார். "இல்லாதவங்க இல்லன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுவாங்க. ஆனா எல்லாரும் சிரிச்சிட்டாங்க. திரும்பக் கேக்க எனக்குக் கூச்சமாப் போச்சு." அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம், அம்மாவுக்கும் கூச்சம். அத்தனை கூச்சத்தையும் மீறி வாய் திறந்தவர், மேடையே ஏறாதவர்.

மருந்து ஏறிய சில நாட்களிலேயே அரிசி ஆசை போய்விட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். இப்போது அந்த டப்பாவைத் திறந்தால் அது வெறும் அரிசி. அம்மா அதில் பொங்கல் வைத்தார்.

போட்டிக்கு என்னால் போக முடியவில்லை. சென்ற மாதம்தான் மறுபடி மேடையேறினேன், உள்ளூர்ப் பட்டிமன்றம் ஒன்றில். மாடிப்படி நகைச்சுவை வர வேண்டிய இடம் வந்தது. அவையில் அதை முன்பே கேட்டவர்கள் சிரிக்கத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்ததுகூடத் தெரிந்தது. நான் அதைத் தொடாமல் கடந்து போனேன். மூன்றாம் வரிசையில் அம்மா காத்திருந்த முகத்தோடு இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறினார். பாதி வழியில் நிற்கவில்லை. மேலே போய்க் கதவைத் திறந்தபடி கேட்டார்:

"ஏன் பாப்பா, அந்தப் படிக்கட்டு ஜோக்க இன்னைக்கு விட்டுட்ட? எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே."

நான் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.